பாம்புக்கடிக்குப் பேரேடு எங்கே?

கித்தா விலை ஒரு காசு ஏறினால் அன்றே உலகுக்குத் தெரிகிறது. சிங்கப்பூரில், கிலோவுக்கு இத்தனை காசு என்று நாள் தவறாமல் எழுதுகிறார்கள். அந்தப் பாலை எடுக்கப் போய்ப் பாம்பை மிதித்த கால்கள் எத்தனை? அதற்கு மட்டும் பேரேடு கிடையாது! கேட்டால் 'விதி' என்று கையை விரிக்கிறார்கள்.

விதியல்ல என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியவர் பினாங்கு ஆசுபத்திரி டாக்டர் அலிஸ்டேர் ரீட். வட மலாயாவில் கடிபட்டு வந்தவர்களை வரிசையாக விசாரித்து, எந்தப் பாம்பு, எந்த வேலை, எந்த இடத்தில் கடி என்று எழுதி 1963இல் வெளியிட்டார். கெடா, பெர்லிஸ் பக்கத்துக் குற்றவாளி குழிவிரியன். மலாய்க்காரர் இதைக் 'காப்பாக் போடோ' என்பர்; 'போடோ' என்றால் முட்டாள். ஆள் வந்தால் ஓடாது. உதிர்ந்த இலையின் நிறத்தில் சுருண்டு கிடக்கும். விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரை பிடிப்பவர் மரத்தின் வெட்டைப் பார்ப்பாரா, காலடியைப் பார்ப்பாரா? வெறுங்காலை இருட்டில் அங்கே அனுப்பியது விதியா, பெரட்டு மணியா?

ரீட் கண்ட இன்னொன்று: இந்தப் பாம்பு கடித்தவர்களில் சுமார் பாதிப்பேருக்கு நஞ்சு ஏறவே இல்லை, அல்லது சிறிதே ஏறியது. மந்திரவாதியின் புகழ் முழுவதும் அந்தப் பாதியில் சம்பாதித்தது! மறு பாதியில் கால் வீங்கி அழுகும், இரத்தம் உறையாது. கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்த இரத்தம் உறைந்ததா என்று பார்த்தாலே உண்மை தெரியும். கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கேடு. காலை அசைக்காமல் ஆசுபத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

வேடிக்கை கேளுங்கள். அந்த உறையாத இரத்தத்தை ஆராய்ந்துதான், இதே விரியன் நஞ்சிலிருந்து இரத்தக்கட்டு நோயாளிகளுக்கு 'ஆர்வின்' என்ற மருந்து செய்தார்கள். பாட்டாளியின் காலிலிருந்து மருந்து பிறந்தது. அந்தக் காலுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் பிறக்கவில்லை!

எண்ணாத சாவு எவருக்கும் சுமையில்லை. இந்தியாவில் ஆசுபத்திரிக் கணக்கை நம்பாமல் வீடு வீடாகக் கேட்டபோது, 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டது தெரிந்தது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் நாட்டுப்புறத்தார். உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு 2024இல், ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

தோட்டம் செம்பனைக்கு மாறினாலும் தப்பில்லை. பழத்துக்கு எலி வரும்; எலிக்கு நாகம் வரும்.

கிராணித் தோழர்களே, பேனா உங்கள் கையில்! பால் எடையை எழுதும் அதே கையால் கடிபட்ட நாள், மணி, நிரை, கடிவாய், ஆசுபத்திரி சேர்ந்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளியின் பெயரையும் விடாதீர்கள். அந்த ஏட்டை வைத்துக்கொண்டு சங்கம் கேட்கட்டும்: பூட்ஸ், நல்ல விளக்கு, சருகு ஒதுக்கிய நிரை, விஷமுறிவு மருந்து எந்த ஆசுபத்திரியில் உண்டு என்ற அறிவிப்பு பெரட்டுக் களத்தில், படுத்த நாளுக்குச் சம்பளம்.