மருத்துவ இரகசியமும் குறியாக்கமும்: நீங்கள் அறிய வேண்டியவை

வேடசந்தூரில் எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவைத் திண்டுக்கல்லிலுள்ள மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். அச்செய்தி இருமுனைக் குறியாக்கத்தால் காக்கப்படுகிறது. உங்கள் கைபேசியில் பூட்டப்படும் செய்தி, பெறுபவரின் கைபேசியில் மட்டுமே திறக்கும். இடையிலுள்ள நிறுவனத்திடம் திறவுகோல் இராது.

அரசு கோருவது என்ன?

2018 மே மாதம், கைபேசியில் பரவிய குழந்தைக் கடத்தல் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். இத்தகைய செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்பதை அறிய வேண்டும் என்பதே அரசின் வாதம். 2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள், கடுமையான குற்றங்களில் உரிய ஆணை பெற்றால் முதல் அனுப்புநரை அடையாளம் காட்டுமாறு பெரிய செய்திச் சேவை நிறுவனங்களைப் பணிக்கின்றன. இதனை எதிர்த்து வாட்ஸ்அப் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. குறியாக்கத்தை உடைக்காமலே இது இயலும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் 2019-இல் ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி கருத்துரைத்தார். வல்லுநர் பலர் அதனை ஏற்கவில்லை.

நோயாளிக்கு இதில் என்ன?

காசநோயைக் கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். இதுவும் கண்காணிப்பே. ஆயினும் நோயும் நோக்கமும் வரையறுக்கப்பட்டவை. அறிவிக்கப்படுவது நோயுற்றவரின் விவரம் மட்டுமே. பூட்டின் அமைப்பையே மாற்றினால், அது குற்றவாளிக்கு மட்டுமன்றி அதனைப் பயன்படுத்தும் அனைவருக்கும் மாறிவிடும். தம் செய்தி பிறர் கண்ணில் படும் என்று அஞ்சுபவர் பரிசோதனையைத் தள்ளிப்போடுவார்; நோய் முற்றும், தொற்றும் பரவும். எனவேதான் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், 2017, ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறிவித்தது. அதில் அரசு தலையிடச் சட்டமும், நியாயமான நோக்கமும், நோக்கத்திற்கு மிகாத அளவும் வேண்டும். வதந்தியைத் தடுப்பது நியாயமான நோக்கமே. அளவு மிகுகிறதா என்பதே கேள்வி.

நீங்கள் செய்ய வேண்டியவை

* மருத்துவ அறிக்கையைக் குடும்பக் குழுக்களில் பகிராதீர்கள். பெற்றவர் பிறருக்கு அனுப்புவதைக் குறியாக்கம் தடுக்காது.
* அனுப்பும் முன் எண்ணைச் சரிபாருங்கள்.
* உரையாடல்களின் காப்புநகலுக்கும் குறியாக்க வசதியை இயக்குங்கள்.
* ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் கூறாதீர்கள்.