எச்சரிக்கை விளக்கு மட்டும் போதாது: டீசல் பிக்கப் வண்டிக்கு இரண்டு மானிகள் அவசியம்

காய்கறி, பூ, வாழைத்தார் முதலியவற்றைச் சந்தைக்குக் கொண்டு செல்ல வாடகை லாரியை எதிர்பார்த்துக் காத்திருந்த சிறு உழவர்களில் பலர், இன்று தனியாகவோ இரண்டு மூன்று பேர் கூட்டாகவோ டீசல் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கிக்கொள்கின்றனர். கைவசம் உள்ள பணத்துக்கு ஏற்ப, ஏற்கனவே ஒருவர் ஓட்டிக் கைமாறிய வண்டியே பலருக்கும் அமைகிறது. வாங்கிய மறுவாரமே அதற்குப் பாட்டுப் பெட்டியும் வண்ண விளக்குகளும் வந்துவிடுகின்றன. ஆனால், எஞ்சின் எந்த நிலையில் ஓடுகிறது என்பதைக் காட்டும் மானிகளைக் கேட்டு வாங்குவோர் மிகச் சிலரே. இந்த வரிசை மாற வேண்டும். சுமை ஏற்றும் வண்டிக்கு முதலில் செய்ய வேண்டிய செலவு, மசகு எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மானியும், எஞ்சின் நீரின் வெப்பத்தைக் காட்டும் மானியுமே ஆகும்.

விளக்கு எப்போது எரிகிறது?

"வண்டியிலேயே சிவப்பு விளக்கு இருக்கிறதே, மானி எதற்கு?" என்று கேட்பது இயல்பு. விளக்கு வேலை செய்யும் விதத்தை அறிந்தால் விடை கிடைக்கும். நல்ல நிலையில் உள்ள டீசல் எஞ்சினில், சூடேறி ஓடும்போது எண்ணெய் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 முதல் 4 கிலோ அளவில் இருப்பது வழக்கம். எச்சரிக்கை விளக்கின் சுவிட்சோ, அழுத்தம் அரைக் கிலோவுக்கும் கீழே இறங்கிய பிறகுதான் விளக்கை எரிய விடுகிறது. அதாவது 4 கிலோ இருந்த அழுத்தம் 3 ஆகி, 2 ஆகி, 1 ஆகும் வரை விளக்கு வாய் திறப்பதில்லை. அது எரியும் நேரத்தில் கிராங்க் பேரிங்குகள் எண்ணெய்ப் படலம் இன்றி உரசத் தொடங்கியிருக்கும்.

பல வண்டிகளில் உள்ள வெப்ப முள்ளும் முழுதும் நம்பத்தக்கதன்று. ஓட்டுபவர் வீணாகக் கலவரப்படக் கூடாது என்பதற்காக, வெப்பம் ஓர் எல்லைக்குள் ஏறினாலும் இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி சில வண்டிகளில் அமைத்துள்ளனர். எண்களும் இருப்பதில்லை, ஒரு முனையில் நீலம், மறு முனையில் சிவப்பு, அவ்வளவே. சுமையின்றி நகரில் ஓடும் வண்டிக்கு இது போதும். நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் உர மூட்டையோடு ஏறும் வண்டிக்கு இது போதாது. விளக்கு முடிவைச் சொல்கிறது. எண்ணுள்ள மானி போக்கைச் சொல்கிறது. பழுது முற்றுமுன் காப்பாற்றுவது போக்கைக் காணும் கண்ணே.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும், எஞ்சின் ஓடாத நேரத்தில், எண்ணெய் விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் அது எரியவில்லை என்றால், பல்பு போயிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், அல்லது குறையை மறைக்க விற்பவர் கழற்றியும் இருக்கலாம். பேரம் முடியுமுன் நன்கு சூடான எஞ்சினில் ஒரு மெக்கானிக்கைக் கொண்டு தற்காலிக அழுத்தமானி பொருத்திப் பார்ப்பது நல்லது. புதுப் பெயிண்டு எதையும் மறைக்கும். சூடான எஞ்சினின் எண்ணெய் அழுத்தத்தை மறைக்க இயலாது.

எந்த வகை மானி வாங்கலாம்?

கடைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்று நேரடி இயக்க மானி. இதில் எண்ணெயே ஒரு மெல்லிய குழாய் வழியாக மானிக்கு வந்து, உள்ளே உள்ள வளைகுழாயை நிமிர்த்தி முள்ளை நகர்த்துகிறது. 1849-இல் பிரான்சு நாட்டின் யூஜீன் பூர்டான் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பவர் ஸ்பிரேயரில் உழவர்கள் தினமும் காணும் அழுத்தமானி இந்த இனத்தைச் சேர்ந்ததே. பாட்டரி இறங்கினாலும் இது பொய் சொல்லாது. குறை ஒன்று உண்டு: குழாய் உடைந்தால் சூடான எண்ணெய் ஓட்டுநர் மேல் தெறிக்கும். ஆகவே நல்ல இணைப்புகளோடு, உராய்வு படாமல், கூர்மையான தகரத் துளை வழியே செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இட்டுக் குழாயைக் கொண்டு செல்ல வேண்டும். செம்புக் குழாயானால் எஞ்சின் அருகே ஓரிரு சுருள்கள் விட்டுப் பொருத்தினால், அதிர்வில் முறிவது குறையும்.

மற்றது மின் மானி. எஞ்சினில் ஒரு சென்சாரும், டேஷ்போர்டில் மானியும், நடுவே ஒரு கம்பியும் இருக்கும். ஓட்டுநர் அறைக்குள் எண்ணெய் வராது என்பது இதன் நன்மை. ஆனால் சென்சாரும் மானியும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே ஜோடியாக இருத்தல் வேண்டும். ஒரு நிறுவன சென்சாரின் மின்தடை 10 முதல் 180 ஓம் வரை மாறும். வேறொன்றில் 240-இலிருந்து 33 ஓமுக்கு இறங்கும். இவற்றை மாற்றி இணைத்தால் முள் அசையும், ஆனால் காட்டுவது பொய்யாக இருக்கும். பொய்யான மானி, மானியே இல்லாததைவிடக் கெடுதல். ஒற்றைக் கம்பி சென்சாரின் புரியில் டெப்லான் நாடாவைத் தாராளமாகச் சுற்றுவதும் தவறு. எஞ்சின் உடலோடு அதற்குள்ள மின்தொடர்பு தடைப்பட்டு அளவு பிசகும்.

ஊரில் உள்ள மெக்கானிக்கே பழுது பார்க்கும் பழைய வண்டிக்கு, எண்ணெய் அழுத்தத்துக்கு நேரடி இயக்க மானியே சிறந்தது. வெப்பத்துக்கு இரண்டில் எதுவும் ஏற்றதே. நேரடி வெப்பமானியின் நுண்குழாய் வெட்டுப்பட்டால் ஒட்ட முடியாது, முழு மானியையும் மாற்ற வேண்டிவரும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

அழுத்தமானி 0 முதல் 7 கிலோ அல்லது 0 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை காட்டுவதாக இருக்கலாம். 1 கிலோ என்பது ஏறத்தாழ 14 பி.எஸ்.ஐ. வெப்பமானி 40 முதல் 120 டிகிரி சென்டிகிரேடு வரை எண்களோடு காட்ட வேண்டும். நிறப் பட்டை மட்டும் உள்ளதை வாங்க வேண்டாம். இரண்டு மானிகளின் விலையும் பொருத்துக் கூலியும் சேர்ந்தாலும், பெரும்பாலும் புது டயர் ஒன்றின் விலையை எட்டுவதில்லை.

பொருத்தும்போது

அழுத்தமானியைப் பொருத்த விளக்கின் சுவிட்சைக் கழற்றி எறியக் கூடாது. 'டி' வடிவ இணைப்பை இட்டு ஒரு புறம் சுவிட்சையும் மறுபுறம் மானியையும் வைக்க வேண்டும். ஓட்டுநரின் கண் சாலையில் இருக்கும்போது விளக்கும் காவலாக நிற்கும். இணைப்பின் புரி, எஞ்சினின் புரியோடு பொருந்துகிறதா என்று கையால் திருகிப் பார்த்த பின்பே ஸ்பேனர் போட வேண்டும். பொருந்தாததை முறுக்கினால் அலுமினியப் பகுதியின் புரி அழிந்துவிடும்.

வெப்பமானியின் உணர்முனை நீரில் முழுகியிருக்க வேண்டும். நீர் வடிந்து முனை காற்றில் நின்றால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் தாழ்வாகக் காட்டக்கூடும். ஏறியிருந்த முள் காரணமின்றித் திடீரெனச் சரிந்தால் மகிழ வேண்டாம். வண்டியை ஓரம் கட்டி நீர் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

புதிய வெப்பமானியைப் பொருத்துமுன், உணர்முனையைக் கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தில் வைத்துப் பார்க்கலாம். சமவெளியில் 100 டிகிரிக்கு அருகிலும், சுமார் 1,000 மீட்டர் உயர மலையூரில் 97 டிகிரிக்கு அருகிலும் காட்ட வேண்டும்.

முள்ளைப் படிக்கும் முறை

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் மிகுதியாகக் காட்டும், சூடேறியதும் இறங்கும். இது குறையன்று. சூடான எஞ்சினில் ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் 10 பி.எஸ்.ஐ. அளவாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இதைவிட மேலான கணக்கு, அந்தந்த வண்டியின் சொந்தக் கணக்கு. எண்ணெய் மாற்றிய முதல் வாரத்தில், சூடான நிலையில், நிறுத்தி ஓடவிடும்போது எவ்வளவு, சாலை வேகத்தில் எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மாதம் ஒரு முறை அதே நிலையில் பார்த்தால் மாற்றம் தெரியும். அளவு படிப்படியாக இறங்கினால் எண்ணெய் குறைந்திருக்கலாம், பில்டர் அடைத்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். அளவுக்கோலில் எண்ணெய் மட்டம் உயர்ந்து டீசல் வாடையும் அடித்தால், டீசல் கசிந்து எண்ணெயை நீர்க்கச் செய்கிறது என்று பொருள்.

வெப்பம் பல எஞ்சின்களில் 80 முதல் 95 டிகிரிக்குள் நிற்கும். சுமையோடு மேடு ஏறும்போது மட்டும் ஏறினால் ரேடியேட்டரில் மண்ணும் வைக்கோல் தூசியும் அடைத்திருக்கலாம். நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறினால் விசிறியையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். எப்போதும் 60 டிகிரியிலேயே நின்றால் தெர்மோஸ்டாட் பழுது, அல்லது யாரோ அதைக் கழற்றிவிட்டனர். "சூடேறாமல் இருக்கட்டும்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் வழக்கம் தவறானது. குளிர்ந்தே ஓடும் டீசல் எஞ்சினில் சிலிண்டர் விரைவில் தேய்வதோடு டீசலும் வீணாகும்.

வேண்டியதும் வேண்டாததும்

மூன்றாவதாக ஒன்று வாங்கப் பணம் இருந்தால் வோல்ட் மீட்டர் வாங்கலாம். எஞ்சின் ஓடும்போது அது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டுவது முறை. 13-க்குக் கீழே நின்றால் பாட்டரிக்கு மின்னேற்றம் இல்லை. 15-ஐத் தாண்டினால் பாட்டரி கெடும். பழைய டிராக்டர்களில் உள்ளதுபோல் ஆம் மீட்டர் தேடி அலைய வேண்டியதில்லை. மின்னேற்றம் முழுவதையும் அதன் வழியே கொண்டு செல்ல வேண்டியிருப்பதால், கம்பி தளர்ந்தால் தீ அபாயம் உண்டு.

டர்போ அழுத்தமானியும், புகைபோக்கி வெப்பமானியும் அமெரிக்காவில் பெரிய டீசல் பிக்கப் வண்டிகளின் சக்தியைக் கூட்டி, கனமான டிரெய்லர் இழுப்போர் விரும்பிப் பொருத்துபவை. அவர்களுக்கு அதில் நியாயம் உண்டு. எஞ்சினில் எவ்வித மாற்றமும் செய்யாத நமது சந்தை வண்டிக்கு அவை வீண் செலவு. புகைபோக்கியில் துளையிடும்போது விழும் இரும்புத் துகள் டர்போவையே கெடுக்கக்கூடும். டர்போ குழாயில் கசிவு ஏற்பட்டால், இழுவை குறைந்து கரும்புகை வருவதே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். நான்கைந்து மானிகள் அடுக்கிய அலங்காரத் தொகுப்பைவிட, நம்பத்தக்க இரண்டு மானிகளே மேல்.

2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி அமைந்த வண்டி வைத்திருப்போர் கம்பிகளை வெட்டிச் சேர்க்க வேண்டாம். உத்தரவாதம் கெட இடமுண்டு. டேஷ்போர்டின் கீழுள்ள சோதனைச் செருகியில் பொருத்தும் சிறு கருவி, வெப்பத்தையும் வோல்ட்டையும் எண்ணாகக் காட்டும். எண்ணெய் அழுத்தத்தைப் பல வண்டிகளில் அதனால் காட்ட முடியாது. அதற்கு விற்பனையாளரின் பட்டறையைக் கேட்டே மானி பொருத்த வேண்டும்.

ஓட்டுநருக்கும் ஒரு சொல்

அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் குறையைச் சொல்வார்கள் என்பது உண்மையே. ஆனால் பேரிங் சத்தம் காதில் விழும்போது பேரிங் போய்விட்டது. வண்டியைச் சொந்தக்காரரே ஓட்டினாலும், மகனோ கூலி ஓட்டுநரோ ஓட்டினாலும், என்ன செய்ய வேண்டும் என்பதை முன்பே பேசி வைக்க வேண்டும். எண்ணெய் முள் சட்டென்று விழுந்தால், வண்டியைப் பத்திரமாக ஓரம் கட்டி உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். ஒரு பர்லாங்கு கூட ஓட்டக் கூடாது. வெப்பம் 100 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், கியரைக் குறைத்து, இடம் கண்டு நிறுத்தி, நீர் கசியவில்லை என்றால் சில நிமிடம் சுமையின்றி ஓடவிட வேண்டும். நீர் கொட்டிப்போயிருந்தால் உடனே நிறுத்த வேண்டும். சூடாக உள்ளபோது ரேடியேட்டர் மூடியைத் திறப்பதோ, குளிர்ந்த நீரை ஊற்றுவதோ ஆபத்து.

விடியற்காலைச் சந்தைக்குத் தக்காளியோடு செல்லும் ஓட்டுநர், முள் ஏறுவதைக் கண்டும் நிறுத்தத் தயங்குவது ஏன்? ஏலம் தவறிவிட்டால் ஏச்சுக் கேட்க வேண்டும் என்ற அச்சமே காரணம். "முள் ஏறினால் நிறுத்து, தாமதத்துக்கு நான் பொறுப்பு" என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தால் அந்தத் தயக்கம் நீங்கும். ஒரு நாள் சந்தை தவறினால் ஒரு சுமையின் வருமானம் போகும். ஹெட் வளைந்து, எஞ்சின் பிடித்துக்கொண்டால், பழுதுச் செலவு ஒரு புறம். அறுவடை நாளில் வண்டியின்றி வயலிலேயே அழுகும் விளைச்சல் மறுபுறம். நிற்காமல் ஓடும் கடன் தவணை இன்னொரு புறம். வெள்ளம் வருமுன் அணை போடும் உழவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடுத்த முறை எண்ணெய் மாற்ற வண்டி பட்டறைக்குச் செல்லும்போதே இரண்டு மானிகளையும் பொருத்திக்கொள்வது நலம்.