அத்தாவின் ஜீப்புக்கு என்ன வர்ணம்?



கம்பத்திலோ போடியிலோ ஓர் இரவு தங்கி, ஃபஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு கடைவீதிப் பக்கம் நடந்து பாருங்கள். இருள் முழுவதும் பிரியும் முன்பே ஜீப்புகள் வரிசையாக நின்று, ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டிருக்கும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழிகளில் அவை இடுக்கி மலைகளுக்கு ஏறும். பொழுது சாய்கையில் இறங்கி வரும். எங்கள் பள்ளத்தாக்கில் ஜீப் ஓர் ஆடம்பரப் பொருளன்று. பல குடும்பங்களில் அடுப்பெரியக் காரணமாயிருந்தது அதுவே.

கம்பத்தில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அத்தா 1968ஆம் ஆண்டில் வாங்கிய மஹிந்திரா ஜீப், அவர் மௌத்தான நாள் முதல் பதினோரு ஆண்டுகளாகப் பின்கட்டுக் கொட்டகையில் கோழிகளுக்கு நிழல் கொடுத்து நின்றது. இவ்வாண்டு நண்பரின் மகன் அதைப் புதுப்பித்தே தீருவதென்று பிடிவாதம் பிடித்தான். இஞ்சினை இறக்கி வேலை பார்த்தாயிற்று. வர்ணம் மட்டுமே பாக்கி. பிள்ளை தேர்ந்தெடுத்தது பட்டாளத்துப் பச்சை. நான்கு லிட்டர் பெயிண்டைக் கலக்கி வாங்கியும் வைத்துவிட்டார்கள். அதன் பிறகே நண்பர் என்னிடம் யோசனை கேட்க வந்தார்!

அந்தப் பச்சையைத் தொடக்கூடாது என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களும் நம்பாமலிருக்கலாம். ஆனால், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. பாதுகாப்புத் துறையின் வாகனங்களைத் தவிர வேறெந்த வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை வர்ணம் பூசக்கூடாது. பட்டாள வண்டியெனப் பொய்த்தோற்றம் காட்டி எவரும் நுழையக்கூடாத இடத்தில் நுழைந்துவிடலாமல்லவா?

பிள்ளையின் ஆசையிலும் நியாயம் இல்லாமலில்லை. ஜீப் என்ற வாகனமே இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கப் படைக்கென உருவானதுதான். போர் முடிந்த பின் வில்லிஸ் நிறுவனத்தின் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது மஹிந்திரா. 1945இல் அந்த நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் ‘மஹிந்திரா அண்டு முஹம்மது’ என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கூட்டாளியாக இருந்த மாலிக் குலாம் முஹம்மது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் சென்று, அந்நாட்டின் முதல் நிதி அமைச்சரானார். 1951இல் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948இல் கம்பெனியின் பெயர் இன்றுள்ளவாறு மாறியது. இது நிற்க.

வண்டியை டிங்கர் பட்டறைக்குக் கொண்டு சென்று பழைய வர்ணத்தைச் சுரண்டினார்கள். மேலே சாம்பல், அதன் கீழே நீலம், அதற்கும் கீழே வெளிறிய சந்தன நிறம். பழைய வண்டியின் பிறவி நிறத்தை அறிய வேண்டுமானால் கதவையும் பானெட்டையும் பார்த்துப் பயனில்லை. டேஷ்போர்டுக்குப் பின்புறம், இருக்கைக்கு அடியில், பெட்ரோல் டாங்கின் மறைவில் பார்க்க வேண்டும். மறுபூச்சு அடிப்பவர்கள் அங்கெல்லாம் கை வைப்பதில்லை. இந்த ஜீப்பிலும் அவ்விடங்களில் சந்தன நிறமே இருந்தது.

அன்று மாலை நண்பரின் அக்கா போடியிலிருந்து வந்திருந்தார். சுரண்டி எடுத்த நீலச் செதிலொன்றைக் கையிலெடுத்தவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நிக்காஹ் முடிந்து என்னை இந்த நீல ஜீப்பில்தான் அத்தா கொண்டு வந்து விட்டார்கள்” என்றார். தம்பிக்கு அந்த நீலம் நினைவேயில்லை. அவருக்கு விவரம் தெரிந்த நாளில் வண்டி சாம்பல் நிறமாகிவிட்டது.

பழைய வாகனங்களைச் சேகரிப்போர், தொழிற்சாலை கொடுத்த நிறமே உண்மையான நிறம் என்பார்கள். கண்காட்சியில் நிறுத்தும் காருக்கு அது சரி. உழைத்துப் பிழைத்த குடும்பத்து வண்டிக்கு அக்கா சொன்ன நீலமே பொருத்தம் என்பது என் கருத்து. பிள்ளையும் அரை மனதோடு சம்மதித்தான்.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கிற்று. வாகனத்தின் நிறம் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்கும் விவரம். அதை மாற்ற விரும்பினால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்று, மாற்றிய 14 நாட்களுக்குள் புத்தகத்தைக் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். நண்பரின் அத்தா இதில் மிகவும் ஒழுங்கானவர். தேனி தனி மாவட்டமாவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் மதுரைக்கே சென்று, சந்தனம் நீலமானதையும், நீலம் சாம்பலானதையும் முத்திரையோடு பதிந்து வைத்திருக்கிறார். ஆனால் இன்று விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டியவர் யார்? ஆர்.சி. இன்னும் மர்ஹூம் அவர்களின் பெயரில் அல்லவா இருக்கிறது!

உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் தகவல் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நம் வீடுகளில் நிலத்துக்கும் வீட்டுக்கும் வாரிசுச் சான்றிதழ் தேடுகிறோம். கொட்டகையில் நிற்கும் வண்டியை மறந்துவிடுகிறோம். நண்பரோ, “வண்டியைப் பார்த்துக்கொண்டவன் நான்தானே! என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன்” என்றார். “தங்கைகளைக் கேட்டீர்களா?” என்றேன். “பழைய இரும்புக்கு எதற்குக் கேட்பது?” என்றார்.

அவருடன் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அத்தாவின் கடன்கள் தீர்ந்துவிட்டன. அவருடைய தாய் தந்தையர் முன்பே மௌத்தாகிவிட்டனர். எஞ்சியவர்கள் அம்மாவும், ஆண்மக்கள் இருவரும், பெண்மக்கள் மூவரும். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களின்படி அம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதி ஏழு பங்கில் பெண்களுக்கு ஒவ்வொன்று, ஆண்களுக்கு இரண்டிரண்டு. ஆக, நண்பருக்குச் சொந்தமானது எட்டில் இரண்டு. நான்கு சக்கரங்களில் ஒரு சக்கரம்! அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முன்பு எவரும் சீந்தாத இத்தகைய ஜீப்புகளுக்கு இன்று நல்ல விலை கிடைக்கிறது என்பதை அவரும் அறிவார்.

பிள்ளைக்கு இன்னொரு யோசனை இருந்தது. 2021இல் வந்த விதியின்படி, ஐம்பது ஆண்டைக் கடந்து, சேஸியோ கூடோ இஞ்சினோ மாற்றப்படாத வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். ஆனால் அவ்வாறு பதிந்ததைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாமே தவிர, அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. “ஓடாத வண்டி எதற்கு?” என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

வர்ண வேலை பற்றியும் சொல்ல வேண்டும். இதில் நான் பட்டவன். பல ஆண்டுகளுக்கு முன் என் அம்பாசிடருக்கு ஒரு பட்டறையில் நிறம் மாற்றினேன். பழைய எனாமலை முழுதும் எடுக்காமல் அதன் மேலேயே என்.சி. பெயிண்டை அடித்தார்கள். அதிலுள்ள தின்னர் அடிப்பூச்சை இளக்கிவிட, ஆறிய பாலின் ஏடுபோல் வர்ணம் சுருங்கி எழும்பிற்று. அதுவும் ஆடி மாதம்! நம் பள்ளத்தாக்கின் ஆடிக்காற்று தெரியுமல்லவா? ஈர வர்ணத்தின்மேல் ஊர்ப் புழுதியெல்லாம் படிந்தது. மழைக்காலத்தில் அடித்தாலும் கேடுதான்; காற்றின் ஈரத்தால் என்.சி. பூச்சு வெளுத்துப் பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும்.

நிறம் மாற்றுவதென்றால் வெளியே மட்டும் அடித்துப் பயனில்லை. கதவின் உள்விளிம்பு, பானெட்டின் அடிப்புறம் எல்லாம் மாற வேண்டும். இல்லையேல் கதவைத் திறக்கும்போதெல்லாம் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். இதனால் கூலி ஏறும். முன்பே பேசிவிடுங்கள். துருவை நீக்கி, பிரைமர் கொடுத்து, பட்டி பார்த்து, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. உலர்ந்தபடி தேய்த்தால் பறக்கும் தூள் குழந்தைகளுக்கு மிகவும் தீங்கானது. வீட்டு முற்றத்தில் இவ்வேலையை வைக்காதீர்கள்.

தங்கைகள் இருவரும் சென்ற வாரம் வந்தார்கள். ஒருவர் தம் பங்கை அண்ணனுக்கே மனமுவந்து விட்டுக்கொடுத்தார். கடைக்குட்டி மட்டும், “எனக்குப் பணமாகத் தாருங்கள், அண்ணா, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும்” என்றார். நண்பருக்கு முகம் சற்று வாடியது. ஆயினும் ஜீப்பை விலை மதிக்க ஆள் அழைத்து வந்து, எட்டில் ஒரு பங்கை எண்ணிக் கொடுத்துவிட்டார். அக்கா தம் பங்குக்குப் பணம் வேண்டாமென்றார். நீலம் தாம் காட்டும் நீலமாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அந்தச் செதிலைத் தாளில் மடித்துப் பெயிண்ட் கடைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

பெயர் மாற்ற விண்ணப்பம் போயிருக்கிறது. அது முடிந்து, பதிவும் புதுப்பிக்கப்பட்டு, நிறத்துக்கும் அனுமதி வந்தபின், இன்ஷா அல்லாஹ், காற்று அடங்கிய நாட்களில் வர்ணம் அடிப்பார்கள்.

அந்த நான்கு லிட்டர் பச்சையைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. கலக்கிய பெயிண்டை யாரும் எடுப்பதில்லை. கோழிக் கொட்டகையின் கதவுக்கு அடித்துவிட்டார்கள். 121ஆவது விதி கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.