துப்பாக்கித் தடையில் யாருக்கு விலக்கு?

தாம்பரம் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவர் கேட்டார்: “துப்பாக்கி இறக்குமதிக்குத் தடை என்றால் நமக்கென்ன?”

நமக்குத்தான் தோழர்களே!

ராணுவத்தின் .303 தோட்டாவுக்கான துப்பாக்கி பொதுமக்களுக்குத் தடை. அதே லீ-என்ஃபீல்டு அமைப்பை .315 தோட்டாவுக்கு மாற்றி, விளையாட்டுத் துப்பாக்கி என்று இஷாபூர் அரசு ஆலை விற்கிறது. வெளிநாட்டிலிருந்து தனியார் இறக்குமதி செய்யத் தடை. புகழ்பெற்ற சுடும் வீரர்களுக்கு விலக்கு. பயிற்சிக்களமும் தோட்டாக் காசும் இல்லாத சேரிப் பிள்ளை எப்படிப் புகழ்பெறுவது?

விலக்கின் வரலாறே இதுதான். 1878 ஆயுதச் சட்டத்தில் வெள்ளையருக்கு விலக்கு. குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்போருக்கும் 2029 வரை உரிமமே வேண்டாம். பிறப்புக்கும் நிலத்துக்கும் சட்டம் வளைகிறது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த கும்பல் துப்பாக்கியோடுதான் வந்தது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 3 என்ன சொல்கிறது? வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில், தேவைப்பட்டால், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசு வாங்கி வைக்கலாம். நம் பாதுகாப்புக்கு நமக்கு உரிமமும் தரலாம்.

நாங்கள் துப்பாக்கி கேட்கவில்லை. அவர்கள் கையில் இருப்பதை வாங்கி வையுங்கள் என்கிறோம். இத்தனை ஆண்டில் எத்தனை உரிமங்களை ரத்து செய்தீர்கள்?

மாணவர்களே, செங்கல்பட்டு ஆட்சியருக்கும் தாம்பரம் காவல் ஆணையரகத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதே கேள்வியை அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

ஜெய் பீம்!