வாட் வேறு, வெளிச்சம் வேறு

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் ஆவல் பிள்ளைகளுக்கு வந்துவிட்டால், வாப்பாவின் பாடு கொளத்தூர்ப் பயணம்தான். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதியினருக்கு அருகிலுள்ள பெரிய வண்ணமீன் சந்தை அதுவே. மீனைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். விளக்கை மட்டும் "எத்தனை வாட்?" என்ற ஒரே கேள்வியோடு வாங்கிவிடுகிறோம்.

வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது தரும் வெளிச்சத்தின் அளவு லூமென். 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 லூமென் தரும். 9 வாட் எல்.இ.டி. பல்போ 800 முதல் 900 வரை தரும். குண்டு பல்பு உண்ணும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. அவ்வெப்பம் தொட்டி நீரைச் சூடாக்கும். நீர் சூடேறினால் அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். நமது கோடையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

'லிட்டருக்கு அரை வாட்' என்றொரு பழைய கணக்கு உண்டு. அது டியூப்லைட் காலத்துக்கு உரியது. அதனை எல்.இ.டி.க்குப் பொருத்தினால் வெளிச்சம் மிகுந்து, கண்ணாடியெங்கும் பாசி படரும்.

சரியான கணக்கு எளிது. 2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உடைய தொட்டியில், மணல் போக, ஏறத்தாழ 50 லிட்டர் நீர் நிற்கும். எளிய நீர்ச்செடிகளுக்கு லிட்டருக்கு 15 லூமென் போதும். ஆக 750 லூமென். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பே இதற்கு நிறைவானது. செடியில்லாத் தொட்டிக்கு அதிற்பாதியும் மிகையே. அட்டைப்பெட்டியில் லூமென் அளவையும், பகலொளியைக் குறிக்கும் 6500 கெல்வின் என்ற குறிப்பையும் பார்த்து வாங்குங்கள்.

நாளொன்றுக்கு 8 மணி நேரம் விளக்கெரிந்தால், 60 நாட்களில் குண்டு பல்பு 28.8 யூனிட் எடுக்கும், எல்.இ.டி. 4.3 யூனிட் மட்டுமே எடுக்கும்.

மீனுக்கும் இருள் வேண்டும். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் பணிமுறை மாறி மாறி வேலை செய்வோர், வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் விளக்கை எரியவிடுதல் தகாது. எந்த 8 மணி நேரம் என்பது உங்கள் விருப்பம். ஆனால் நாள்தோறும் அதே நேரமாக இருக்கட்டும்.

இறுதியாக ஒன்று, சகோதரிகளே! விளக்குக்கும் நீருக்கும் இடையே கண்ணாடி மூடி அவசியம். மின்கம்பி, செருகிக்குக் கீழே தாழ்ந்து வளைந்து, பின் மேலேறிச் செல்லட்டும். வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடுமுன் சுவிட்சை அணைத்துச் செருகியையும் பிடுங்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு மீனின் பெயரைக் கற்பிப்பதற்கு முன், இந்தப் பழக்கத்தைக் கற்பியுங்கள்.