எழுபதாவது வளைவில் ஒரு லைசென்ஸ்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. 2011ல் ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டம் மலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கும்தான் இருந்தது. உள்ளே விண்டோஸ், கூடவே பாஸ் லினக்ஸ் இருந்தது. பாஸ் நம்ம சென்னை சி-டாக்கில் உருவானது, காசு கேட்காது. அப்புறம் விண்டோஸுக்கு எதற்கு வரிப்பணம்?

"லினக்ஸ் யாருக்குய்யா தெரியும்?" என்பார்கள். சொல்லிக்கொடுத்தால்தானே தெரியும்! கேரளத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அரசுப் பள்ளிக் கணினிப் பாடத்தையே லினக்ஸில் நடத்துகிறார்கள். இங்கேயும் உமாசங்கர் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். ஆள் மாறினதும் வேகம் போச்சு.

திறந்த மூலத்தை ஒதுக்கினால் காரணம் சொல்லணும் என்கிறது 2015ன் மத்திய அரசுக் கொள்கை. மாநிலங்களும் அதை ஏற்கலாம், தடையில்லை. டெண்டர் எழுதும் அதிகாரிகள் அந்தக் காரணத்தை செம்மேட்டுப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும், படிக்கலாம்.