சின்ன வகுப்புக்கும் ஓர் உளவளத்துணையாளர் வேண்டும்

மலையில் மழை இறங்கினால் கொப்பியை மூடிவிட்டு யன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நம் தோட்டப் பாடசாலைகளில் இருக்கிறார்கள். அதைச் சோம்பல் என்கிறோம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வர வீடு இருக்கவில்லை. நாம் அரிசி சேர்த்தோம், உடுப்பு சேர்த்தோம். அந்தப் பயத்தை உட்கார்ந்து கேட்க ஆள் தேடினோமா?

மண்சரிவு மட்டுமா? தாய் வெளிநாட்டில், தகப்பன் கொழும்பில், பாட்டியோடு வளரும் பிள்ளை. குடிச்சண்டையில் இரவு முழுக்கத் தூங்காத பிள்ளை. லயத்துக் காம்பராவில் ஒதுங்கி நிற்கவும் இடமில்லை. விடிந்ததும் அது பக்கத்துப் பிள்ளையை அடிக்கும், அல்லது வாயே திறக்காது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியை மட்டும் பார்க்கும் நமக்கு அது மக்குப் பிள்ளை.

ஆறு வயதுப் பிள்ளைக்கு "மனசு சரியில்லை" என்று சொல்லத் தெரியாது. வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்லும். படம் வரையவிட்டு, பொம்மை கொடுத்து விளையாடவிட்டு, மெதுவாக அதன் கதையைக் கேட்பது ஒரு தொழில். அதற்குப் பயிற்சி வேண்டும். நாற்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் ஆசிரியையின் தலையில் இதையும் கட்டுவது நியாயமில்லை.

பூசாரியிடம் நூல் கட்டுவதை நாம் பழிக்கவில்லை. பெற்றவள் மனம் ஆறும். நூலோடு நிறுத்திக்கொள்வதுதான் பிழை. உளவளத்துணை என்றதும் "என் பிள்ளைக்கென்ன பைத்தியமா?" என்று சண்டைக்குப் போவதும் பிழைதான். நம் சங்கக்காரர்களே அப்படிப் பேசியிருக்கிறார்கள்.

நாம் கேட்பது பெரிய கட்டிடமல்ல. அடுத்தடுத்துள்ள சில பாடசாலைகளுக்கு ஒருவர், வாரத்தில் குறித்த ஒரு நாள், கதவு மூடக்கூடிய ஒரு சின்ன அறை. அவர் நம் தமிழ் பேசுபவராக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் மூலம் எந்தப் பிள்ளையும் அழாது. தோட்டத்தில் படித்து வேலையில்லாமல் இருக்கும் நம் பிள்ளைகளுக்கே இந்தப் பயிற்சியைக் கொடுக்கலாமே! பிள்ளை சொன்னது லயத்துக்கு வம்பாக வரவும் கூடாது.

இன்னொன்று. தாயையும் அழைத்துப் பேசினால்தான் இது பலிக்கும். பாடசாலைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்றால் எந்தத் தாய் போவாள்? அந்த அரை நாளைச் சம்பளத்தோடு விடச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்பது சங்கத்தின் வேலை. ஆள் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதும்படி பாடசாலை அபிவிருத்திக் குழுவில் பேசுவது பெற்றோரின் வேலை. அதுவரை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். பிள்ளையை யாரும் துன்புறுத்தினால் 1929.